தசைக்குள் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய விலங்கியல் பாடநூலில் தசையின் படம் ஒன்று இருக்கிறது. இசட் கோடு, எம் கோடு, தடித்த இழை, மெல்லிய இழை, மயோசின், ஆக்டின் என்று ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருக்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் தசை ஸ்லைடைப் பார்த்துவிட்டு வந்தவள், "வெறும் வரிவரியாத்தாம்மா தெரிஞ்சுது, புத்தகத்துல இருக்கிற எதுவும் இல்லை" என்கிறாள். இன்னும் சக்தி வாய்ந்த நுண்ணோக்கி இருந்தால் அந்தப் புரதங்கள் தெரிந்துவிடுமா? அல்லது அந்தப் படமே ஊகம்தானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் மகள் நல்ல இடத்தில் பிடித்துக்கொண்டாள். பதினேழாம் நூற்றாண்டில் லேவன்ஹூக் தம் கையால் தேய்த்துச் செய்த ஒற்றை லென்ஸில் தசையைப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்ததும் இதே வரிகள்தான். அந்த வரிகளுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடநூல் படம் ஊகம் அல்ல. ஆனால் எந்த ஒரு நுண்ணோக்கியிலும் அந்தப் படம் அப்படியே தெரிந்துவிடாது. இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அவள் பார்த்த வரிகள். நம் கை கால் தசை என்பது நீண்ட தசையிழைகளின் கட்டு. ஒவ்வொரு தசையிழையும் ஒரே செல். அதற்குள் நெடுக ஓடுபவை தசை நுண்ணிழைகள். ஒவ்வொன்றின் தடிமனும் 1 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நுண்ணிழையில் ஒரே வகை அலகு திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் இசட் கோட்டிலிருந்து அடுத்த இசட் கோடு வரை உள்ள அந்த அலகுக்குச் சார்கோமியர் என்று பெயர். ஓய்வில் இருக்கும் தசையில் அதன் நீளம் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் நாலாயிரம், ஐயாயிரம் சார்கோமியர்கள் வரிசைகட்டி நிற்கின்றன என்று பொருள்.

சார்கோமியரின் நடுப்பகுதியில் மயோசின் என்ற புரதத்தால் ஆன தடித்த இழைகள் இருக்கின்றன. ஸ்லைடில் இருண்டு தெரியும் ஏ பட்டை இதுதான். இரு முனைகளிலும் இசட் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆக்டின் புரதத்தால் ஆன மெல்லிய இழைகள் உள்நோக்கி நீளுகின்றன. மெல்லிய இழை மட்டும் உள்ள பகுதி வெளிறித் தெரியும். அது ஐ பட்டை. ஆக, உங்கள் மகள் பார்த்த ஒவ்வோர் இருண்ட வரியும் ஆயிரக்கணக்கான தடித்த இழைகள் அருகருகே நிற்கும் கூட்டம். அவள் கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். தனித்தனி இழைகள்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? இன்னும் பெரிதாக்கினால் தெரிந்துவிடும் என்பது பலருக்கும் உள்ள எண்ணம். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உருப்பெருக்கம் என்பது பொருளை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறோம் என்பது. பிரிதிறன் என்பது நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறன். உருப்பெருக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். பிரிதிறனுக்கு ஓர் எல்லை உண்டு. அது லென்ஸ் செய்பவரின் கைத்திறனால் வந்த எல்லை அல்ல, ஒளியின் இயல்பால் வந்தது. ஒளி ஓர் அலை. ஒரு சிறு புள்ளியிலிருந்து புறப்பட்ட ஒளியை எவ்வளவு நல்ல லென்ஸ் குவித்தாலும் அது மறுபடியும் புள்ளியாகச் சேராது. சிறு வட்டமாகப் பரவிவிடும். பக்கத்துப் புள்ளியின் வட்டமும் அதன்மேல் விழுந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதன்பின் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் பெரிய மங்கல்தான் கிடைக்கும்.

ஜெர்மனியின் யேனா நகரில் பணிபுரிந்த இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் இந்த எல்லையை வகுத்துச் சொன்னார். ஏறத்தாழ ஒளியின் அலைநீளத்தில் பாதி. அதைவிட நெருங்கியவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. பச்சை ஒளியின் அலைநீளம் 520 நானோமீட்டர் அளவில் இருப்பதால், மிகச் சிறந்த ஒளி நுண்ணோக்கியும் 200 நானோமீட்டர் பக்கம் வந்து நின்றுவிடும். நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தசைக்குள் 200 நானோமீட்டர் எவ்வளவு பெரிய இடம் தெரியுமா? தடித்த இழையின் நீளம் 1.6 மைக்ரோமீட்டர் இருந்தாலும் அதன் அகலம் சுமார் 15 நானோமீட்டர்தான். மெல்லிய இழை அதில் பாதி. தசையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் தடித்த இழைகள் அறுகோண ஒழுங்கில் நிற்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 40 நானோமீட்டர். கணக்குப் போட்டால், 200 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே மங்கல் வட்டத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட தடித்த இழைகளும், அவற்றைப்போல் இரு மடங்கு மெல்லிய இழைகளும் அடங்கிவிடுகின்றன. இத்தனையும் ஒரே புள்ளியாகத் தெரியும்போது எது எங்கே என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் ஒளி நுண்ணோக்கியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தசையைப் பற்றிய மிகப் பெரிய உண்மை பிடிபட்டது அதில்தான். 1950களின் தொடக்கம் வரை, தசை சுருங்கும்போது உள்ளிருக்கும் புரத இழைகளே மடிந்து குட்டையாகின்றன என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1954 மே 22 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை எழுதியவர்கள் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும். அவர்கள் தவளையின் உயிருள்ள தசையிழையைப் பார்த்தார்கள். மற்றொன்றை எழுதியவர்கள் ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். அவர்கள் முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணிழைகளைப் பார்த்தார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். பொருளைக் கடந்துவரும் ஒளியில் ஏற்படும் சிறு தாமதத்தை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டும் நுண்ணோக்கிகளை இரு குழுவினரும் பயன்படுத்தினார்கள். கண்டது ஒன்றுதான்: தசை சுருங்கும்போது ஏ பட்டையின் நீளம் மாறவில்லை, ஐ பட்டை மட்டும் குறுகிக்கொண்டே போனது. அப்படியானால் இழைகள் குட்டையாகவில்லை. மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கு இடையே நழுவி உள்ளே போகின்றன. உங்கள் மகளின் புத்தகத்தில் சறுக்கும் இழைக் கோட்பாடு என்று இருப்பது இதுதான்.

கவனியுங்கள், அவர்கள் ஓர் இழையைக்கூடத் தனியாகப் பார்க்கவில்லை. பட்டைகளின் நீளத்தை அளந்தே இந்த முடிவுக்கு வந்தார்கள். தசை ஆராய்ச்சி முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. கண்ணுக்கு நேரே தெரியாததை, அளக்க முடிந்த ஒன்றின் வழியாகப் பிடிப்பார்கள்.

இழைகளைத் தனித்தனியாகக் காட்டியது எலெக்ட்ரான் நுண்ணோக்கி. எலெக்ட்ரானுக்கும் அலை இயல்பு உண்டு. ஆனால் அதன் அலைநீளம் ஒளியினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. 1957இல் ஹ்யூ ஹக்ஸ்லி, இழைகளின் ஒரே ஓர் அடுக்கு மட்டும் இருக்கும் அளவுக்கு மெல்லியதாகத் தசையைச் சீவி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார். இரு தடித்த இழைகளுக்கு நடுவே மெல்லிய இழைகள் இருப்பதும், தடித்த இழையிலிருந்து சிறு பாலங்கள் மெல்லிய இழையை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதும் அதில் பளிச்சென்று தெரிந்தன. அந்தப் பாலங்கள்தான் மயோசினின் தலைகள். ஆக்டினைப் பிடித்து இழுத்து விடுபவை அவைதாம்.

அத்தோடு வேலை முடிந்துவிட்டதா? இல்லை. அந்த முறையில் தசையைப் பதப்படுத்தி, நீரை நீக்கி, பிசினில் பதித்து, கன உலோகச் சாயம் ஏற்ற வேண்டும். கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படம். அதில் எந்தப் புரதமும் தன் பெயரைச் சொல்லாது. இழையை அடையாளம் காணலாம். அதன்மேல் ஒட்டியிருக்கும் வேறொரு சிறு புரதத்தை எப்படிக் காண்பது? அதற்கு எதிர்ப்பொருள் உதவியது. எதிர்ப்பொருள் என்பது கிருமிகளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள நம் உடல் செய்யும் புரதம். விரும்பிய ஒரு புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் உண்டாக்க முடியும். 1988இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், டைட்டின் என்ற ராட்சதப் புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் எதிர்ப்பொருள்களை ஒவ்வொன்றாகச் செலுத்தி, அவை போய் உட்கார்ந்த இடங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குறித்தார்கள். ஒரே டைட்டின் மூலக்கூறு இசட் கோட்டில் தொடங்கி சார்கோமியரின் நடுவில் உள்ள எம் கோடு வரை, ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது என்பது அப்படித்தான் உறுதியானது. மனித உடலில் உள்ள புரதங்களில் மிகப் பெரியது அது; 30,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி.

இன்னொரு வழியும் கூடவே நடந்துகொண்டிருந்தது. அதை உங்கள் மகள் பள்ளியிலேயே ஓரளவு செய்து பார்க்கலாம், ஆசிரியர் உடனிருக்க. கோழியின் மார்புக்கறியிலிருந்து மெல்லிய நார் ஒன்றை எடுத்து, சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, ஸ்லைடின் மேல் ஊசியால் முடிந்தவரை நுணுக்கமாகப் பிரித்துப் பரப்ப வேண்டும். அதன் வழியே சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்தி எதிரே வெள்ளைத்தாள் வைத்தால், நடுப்புள்ளிக்கு இருபுறமும் சமதூரத்தில் மங்கிய சிவப்புக் கீற்றுகள் விழும். சார்கோமியர்கள் ஒழுங்கான இடைவெளியில் இருப்பதால் ஒளி குறிப்பிட்ட கோணத்தில் விலகி அங்கே போய்ச் சேருகிறது. லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர், சார்கோமியரின் நீளம் 2 மைக்ரோமீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்த தாளில் கீற்று நடுப்புள்ளியிலிருந்து சுமார் 3.4 சென்டிமீட்டரில் விழும். ஸ்கேலால் அளந்து சார்கோமியரின் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். இறைச்சி ஆராய்ச்சியாளர்கள் கையாளும் முறையும் இதுதான். லேசர் ஒளி மட்டும் யாருடைய கண்ணிலும் படக்கூடாது.

லேசருக்குப் பதில், அலைநீளம் மிகக் குறைந்த எக்ஸ் கதிரைச் செலுத்தினால் இதே முறையில் நானோமீட்டர் இடைவெளிகளையும் அளக்கலாம், அதுவும் உயிருள்ள தசையில். மயோசின் தலைகள் தடித்த இழையில் ஏறத்தாழ 14.3 நானோமீட்டருக்கு ஒரு வரிசையாக நிற்கின்றன, மூன்று வரிசைக்கு ஒருமுறை, அதாவது 42.9 நானோமீட்டருக்கு ஒருமுறை, அதே அமைப்பு திரும்ப வருகிறது என்பன இப்படி அளந்த எண்கள். எக்ஸ் கதிர் இடைவெளியைத் துல்லியமாகச் சொல்லும். அந்த இடைவெளியில் இருப்பது எந்தப் புரதம் என்று சொல்லாது.

ஆக, எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒளியில் பெயர் தெரியும், இடம் மங்கல். எலெக்ட்ரானில் இடம் தெரியும், எதிர்ப்பொருளின் துணையின்றிப் பெயர் தெரிவதில்லை. எக்ஸ் கதிரில் இடைவெளி மட்டும். ஒளியிலேயே பெயரும் இடமும் சேர்ந்து தெரிய வேண்டுமானால் அபே போட்ட எல்லையைத் தாண்டியாக வேண்டும். இயற்பியல் விதியை மீற முடியாதே, பிறகு எப்படித் தாண்டினார்கள்?

கார்த்திகை தீபத்தன்று ஒரு குன்றின் மேலிருந்து ஊரைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திண்ணையில் நெருக்கி வைத்த அகல்கள் தூரத்திலிருந்து ஒரே வெளிச்சத் திட்டாகத்தான் தெரியும். எல்லா அகல்களையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றி அணைத்தால்? ஒவ்வொரு முறையும் தெரிவது அதே மங்கல் திட்டுத்தான். ஆனால் அதன் நடுப்புள்ளியில் ஓர் அகல்தான் இருக்கிறது என்பது உங்களுக்கு நிச்சயம். நடுப்புள்ளிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால், கடைசியில் அத்தனை அகல்களும் தனித்தனியாகத் தாளில் வந்துவிடும்.

2006இல் அமெரிக்காவில் எரிக் பெட்சிக் குழுவும், ஹார்வர்டில் ஷியாவ்வெய் சுவாங் குழுவும் தனித்தனியே செய்து காட்டியது இதைத்தான். பெட்சிக் தம் முதல் கருவியை நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் கட்டினார். புரதங்களில் ஒளிர்சாய மூலக்கூறுகளை ஒட்டுகிறார்கள். ஒரு வகை ஒளி பட்டால் வேறு நிறத்தில் ஒளிர்பவை அவை. ஒரு நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும் ஒளிரும்படி செய்து, ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கிறார்கள். ஒவ்வொரு மங்கல் வட்டத்துக்கும் நடுப்புள்ளியைக் கணினி கணக்கிடுகிறது. எத்தனை ஒளித்துகள்கள் வந்து சேருகின்றனவோ அவற்றின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப நடுப்புள்ளியின் துல்லியம் கூடும். மங்கலின் பரவல் 100 நானோமீட்டர், வந்த ஒளித்துகள்கள் 1,000 என்றால், நடுப்புள்ளியைச் சுமார் 3 நானோமீட்டர் துல்லியத்தில் சொல்லலாம். பின்னணி வெளிச்சம் போன்ற தொல்லைகளால் நடைமுறையில் இது 10, 20 நானோமீட்டராக ஆவதும் உண்டு. அப்போதும் பழைய எல்லையைவிடப் பத்து மடங்கு மேல்.

வேறு இரண்டு வழிகளும் உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஷ்டெஃபான் ஹெல், ஒரு லேசரால் சாயத்தை ஒளிரவைத்து, வளையம்போல் அமைந்த இன்னொரு லேசரால் ஓரத்தில் இருப்பவற்றை மட்டும் அணைத்து, நடுவில் மிகச் சிறிய இடம் மட்டும் ஒளிரச் செய்தார். 2014ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு பெட்சிக், ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் கிடைத்தது. மற்றொரு வழியில் நுண்ணோக்கியை விட்டுவிட்டுப் பொருளையே பெரிதாக்கிவிட்டார்கள். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் பாய்டன் குழுவினர், குழந்தைகளின் டயப்பரில் நீரை உறிஞ்சும் அதே வகைப் பொருளைத் திசுவுக்குள் ஊடுருவச் செய்து, நீர் ஊற்றி, எல்லாத் திசையிலும் நான்கு மடங்குக்கு மேல் வீங்கச் செய்தார்கள். 50 நானோமீட்டர் இடைவெளி 200 ஆகிவிட்டால் சாதாரண ஒளி நுண்ணோக்கியே போதும். உங்கள் கேள்வியில் இருந்த "பெரிதாக்கினால் தெரியுமா" என்பதற்கு ஆம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் இது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல். நுண்ணோக்கி காட்டுவது புரதத்தை அல்ல, அதில் ஒட்டிய சாயத்தை. எதிர்ப்பொருளின் நீளமே 10 நானோமீட்டருக்கு மேல். வழக்கமாக ஓர் எதிர்ப்பொருளின் மேல் இன்னோர் எதிர்ப்பொருளை ஏற்றி அதில்தான் சாயத்தை வைப்பார்கள். அப்படியானால் சாயம் இருக்கும் இடத்துக்கும் புரதம் இருக்கும் இடத்துக்கும் 20 நானோமீட்டர்வரை தள்ளிப்போகலாம். 5 நானோமீட்டர் துல்லியத்தில் அளந்து என்ன பயன்? போதாததற்கு, தசைக்குள் இழைகள் நெருங்கி நிற்பதால் பெரிய எதிர்ப்பொருள்கள் உள்ளே நுழையவே தடுமாறும்.

இதற்குக் கைகொடுத்தவை ஒட்டகக் குடும்பத்து விலங்குகள். அவற்றின் இரத்தத்தில் வழக்கமானதைவிட எளிய அமைப்புள்ள எதிர்ப்பொருள்கள் இருப்பதை பெல்ஜிய ஆய்வாளர்கள் 1993இல் அறிவித்தார்கள். அவற்றின் பற்றும் நுனியை மட்டும் தனியே எடுத்தால் கிடைப்பது நானோபாடி. எடையில் சாதாரண எதிர்ப்பொருளில் பத்தில் ஒரு பங்குதான். சில நானோமீட்டர் அளவே உள்ள இது, நெருக்கமான தசைக்குள்ளும் எளிதாக நுழைந்துவிடும்.

இது என்ன பயன் தந்தது என்பதற்குப் பழ ஈயின் பறக்கும் தசை நல்ல சான்று. பழ ஈ நொடிக்குச் சுமார் 200 முறை சிறகடிக்கும். நம் தசையில் டைட்டின் என்ற ஒரே சங்கிலி செய்யும் வேலையை, ஈயில் சாலிமஸ், புரொஜெக்டின் என்ற இரண்டு புரதங்கள் பகிர்ந்து செய்கின்றன. இவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன? ஈயின் பறக்கும் தசையில் ஐ பட்டை மிகக் குறுகியது. ஒளி நுண்ணோக்கியின் மங்கலுக்குள் முழுவதும் ஒளிந்துவிடும். எந்தப் புரதத்துக்குச் சாயமேற்றினாலும் இசட் கோட்டின் அருகே ஒரே பட்டைதான் தெரியும்.

ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளைச் சேர்ந்த குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இவ்விரு புரதங்களின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் நானோபாடிகளைச் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி டிஎன்ஏ இழையை ஒட்டினார்கள். அதற்குப் பொருத்தமான, சாயம் ஏந்திய டிஎன்ஏ துணுக்குகளைக் கரைசலில் மிதக்கவிட்டால் அவை வந்து ஒட்டி, சற்று நேரம் ஒளிர்ந்து, விலகிப்போகும். ஒட்டும்போது மின்னும், விலகினால் மறையும். ஒன்றொன்றாக ஏற்றி அணைக்கும் வேலை தானாகவே நடந்துவிடுகிறது. ஒரு பகுதியை முடித்ததும் அடுத்த பகுதிக்கான துணுக்கை விடுகிறார்கள். இப்படிக் கிடைத்த இடங்களை ஏராளமான சார்கோமியர்களில் அளந்து சராசரி எடுத்தார்கள். தசை அவ்வளவு ஒழுங்காக இருப்பதால் சராசரி எடுக்க எடுக்கத் துல்லியம் கூடியது.

விடை இதுதான். சாலிமஸ் இசட் கோட்டிலிருந்து புறப்பட்டு ஐ பட்டையைக் கடந்து தடித்த இழையைத் தொடுகிறது. தடித்த இழையில் தொடங்கும் புரொஜெக்டினின் முனையும் சாலிமஸின் முனையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. முனையோடு முனை தொட்டு நிற்காமல் இப்படிப் படிந்திருப்பது, நொடிக்கு இருநூறு முறை இழுபடும் தசையில் பிடி நழுவாமல் காக்க ஏற்ற அமைப்பு என்று அவர்கள் கருதுகிறார்கள்.

சாயமே வேண்டாம், புரதத்தின் வடிவத்தையே பார்த்துப் பெயர் சொல்ல முடியாதா என்று உங்கள் மகள் அடுத்துக் கேட்கலாம். முடியும், அண்மைக் காலத்தில். தசையைச் சுமார் மைனஸ் 180 டிகிரியில் உள்ள திரவ ஈத்தேனுக்குள் சட்டென்று முக்கினால், நீர் படிகமாக மாற நேரமின்றிக் கண்ணாடிபோல் உறைந்துவிடும். புரதங்கள் இருந்த நிலையிலேயே நிற்கும். பதப்படுத்தலும் வேண்டாம், உலோகச் சாயமும் வேண்டாம். இந்தக் குளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி முறைக்காக ஜாக் துபோஷே, யோவாக்கிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. உறைந்த தசையை காலியம் அயனிக் கற்றையால் சீவி, 100 நானோமீட்டர் அளவிலான தகடாக்குகிறார்கள். அதைச் சாய்த்துச் சாய்த்துப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண உருவத்தைக் கணக்கிடுகிறார்கள். சி.டி. ஸ்கேனில் கையாளும் அதே கணிதம்தான். பிறகு ஒரே வகை மூலக்கூறுகளின் உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் வடிவம் தெளிந்து வரும்.

டார்ட்மண்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஷ்டெஃபான் ரவுன்சர் குழுவினர், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மத்தியாஸ் கௌட்டெலுடன் சேர்ந்து, 2021இல் எலியின் தசையை இப்படிப் பார்த்தார்கள். மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றியிருப்பதைத் தசைக்குள்ளேயே தனித்தனியாகக் காண முடிந்தது. 2022இல் மெல்லிய இழையை ஒட்டிக் கிடக்கும் நெபுலின் என்ற நீண்ட புரதம் தெரிந்தது. 2023இல் இதயத் தசையின் தடித்த இழையை ரவுன்சர் குழுவும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் குழுவும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே காலத்தில் வெளியிட்டன; முதலாவது எலியின் இதயம், இரண்டாவது மனித இதயம். மயோசினின் வால்களும் தலைகளும், டைட்டினும், மயோசினைப் பற்றும் சி புரதமும் எப்படி ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன என்று அவற்றில் பார்க்க முடிந்தது.

இதெல்லாம் ஆராய்ச்சியாளர்களின் ஆர்வத்துக்கு மட்டும்தானா? இல்லை. கடைசியாகச் சொன்ன அந்தச் சி புரதம் நமக்கு நெருக்கமானது. அதன் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. அது இதயச் செயலிழப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2009இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. அதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பங்கும் உண்டு. மாற்றம் இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, அதனால் அஞ்ச வேண்டாம். ஆனால் அந்த மாற்றம் பாதிப்பது புரதத்தின் எந்த முனையை என்று கேட்டால், தடித்த இழையைப் பிடித்துக்கொள்ளும் முனையை. அந்த முனை இழையில் எங்கே, எதன்மேல் பதிந்திருக்கிறது என்பதை 2023ஆம் ஆண்டுப் படங்கள் காட்டுகின்றன. இதயச் சுவர் தடித்துப்போகும் நோய் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்ற மாவகாம்டென் என்ற மருந்தும் இதே தடித்த இழையில்தான் வேலை செய்கிறது. மயோசின் தலைகளை இழையோடு ஒடுங்கி ஓய்வெடுக்கும் நிலையில் வைக்கிறது. அந்த இரு குழுக்களும் தலைகள் அசையாமல் நிற்கத் தம் ஆய்வில் பயன்படுத்தியதும் இந்த மருந்தைத்தான்.

இனி, உங்கள் கேள்விக்கான விடையைத் தொகுத்துச் சொல்கிறேன். பாடநூல் படத்தில் ஏ பட்டை மாறாமல் இருப்பது ஒளி நுண்ணோக்கி சொன்னது. இழைகளும் பாலங்களும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி சொன்னவை. இடைவெளி எண்கள் எக்ஸ் கதிர் தந்தவை. ஒவ்வொரு புரதத்தின் பெயரையும் அதன் இடத்தில் எழுத முடிந்தது எதிர்ப்பொருள்களாலும், இப்போது நானோபாடிகளாலும். ஒரு கருவியின் குறையை மற்றொன்று ஈடுகட்டி, எல்லாம் ஒரே அளவுகளைச் சொன்ன பிறகுதான் அந்த அம்புக்குறிகள் அச்சேறின.

படத்தில் எல்லாப் பகுதியும் ஒரே அளவுக்கு உறுதியானவை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. தடித்த இழையோடு ஒட்டிக் கிடக்கும் டைட்டினின் வடிவம் இன்று தெளிவாகத் தெரியும். அதே டைட்டின் ஐ பட்டையில் நீண்டும் குறுகியும் வேலை செய்யும் பகுதியைப் பல நூல்களில் அழகான சுருள்வில்லாக வரைந்திருப்பார்கள். அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் வெவ்வேறு விதமாக வளைந்து கிடப்பதால் சராசரி எடுக்கும் முறை பலிக்காது. அது வசதிக்காக வரைந்த கோடு. எந்தக் கோடு அளந்து போட்டது, எது வசதிக்காகப் போட்டது என்று ஒவ்வொரு படத்திடமும் கேட்கும் பழக்கத்தை உங்கள் மகள் விடாமல் வைத்துக்கொள்ளட்டும்.